மலையில் ஒரு பஞ்சு, தோட்டத்தில் ஒரு பஞ்சு

கண்டமனூர் தாண்டி, கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறைக்குப் போகும் சாலையில் பங்குனி, சித்திரையில் பயணம் செய்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் இலவமரங்கள்; கிளை கிளையாகத் தொங்கும் பழுப்புக் காய்கள்; வெடித்த காயிலிருந்து பிய்ந்து சாலையோரத்தில் உருளும் வெண்பஞ்சு. மரம் வளர்ந்துவிட்டால் யாரும் தண்ணீர் விடுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. மழை பார்த்துக்கொள்கிறது.

அதே சாலையின் மறுபக்கம், கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் இன்னொரு பஞ்சு விளைகிறது. அதற்கு உழவு, விதை, களையெடுப்பு, உரம், மருந்து, மோட்டார், பருத்தி எடுக்கும் பெண்களுக்குக் கூலி. இத்தனை செலவும் நான்கைந்து மாதக் கவலையும்.

பள்ளிக்கூடப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், மரத்துலயே சும்மா பஞ்சு கிடைக்குதே. அதுல சட்டை தைக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. இலவம்பஞ்சு வெண்மையானது, பளபளப்பானது, தொட்டால் பருத்தியைவிட மென்மையானது. பிறகு ஏன் அது தலையணைக்குள்ளேயே கிடக்கிறது, பருத்தி மட்டும் தறிக்குப் போகிறது?

விரலிடுக்கில் ஒரு சோதனை

இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இலவம்பஞ்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் திரியுங்கள். வழுக்கும். கொஞ்சம் திரி போலத் தோன்றும்; இழுத்தால் ஓசையே இல்லாமல் இரண்டாகப் பிரிந்துவிடும். கையில் தூசு போல ஒட்டிக்கொண்டு, மூச்சு விட்டால் பறக்கும்.

இப்போது பருத்தி. கொட்டையோடு இருக்கும் ஒரு சுளையிலிருந்து பஞ்சை மெல்ல இழுத்துத் திரியுங்கள். இழை இழையைப் பிடித்துக்கொண்டு வரும். நான்கு விரற்கடை நூலாகும். இழுத்தால் ஓரளவு எதிர்க்கும்.

உருப்பெருக்கியில் பார்த்தால் காரணம் தெரியும். இலவம்பஞ்சின் இழை உருண்டையான, வழவழப்பான குழாய். சுவர் மிக மெல்லியது. உள்ளே பெரும்பகுதி காற்று. மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கும். செயற்கை நுரை வருவதற்கு முன் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதையே அடைத்தார்கள். ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அந்த இழைகளில் எதுவுமில்லை. போதாக்குறைக்கு, மரத்தை மரமாக்கும் லிக்னின் என்ற பொருளும் அதில் கலந்திருப்பதால் மடக்கினால் ஒடியும். வேறு இழையோடு கலந்து நூற்கலாம். தனியே நூற்றால் நூல் நிற்காது.

பருத்தி இழை உருண்டை அல்ல. தட்டையான நாடாவைத் திருகிவிட்டது போல இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குள் பல பத்துத் திருப்பங்கள். அதிலும் ஒரு வேடிக்கை: கொஞ்ச தூரம் வலப்பக்கம் திருகும், பிறகு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பக்கத்து இழையின் திருகலுக்குள் இதன் திருகல் போய் மாட்டிக்கொள்கிறது. மனிதன் ராட்டையில் ஏற்றிய முறுக்குக்கு முன்பே, செடி ஏற்றிய முறுக்கு அது. இதை 'இயல்முறுக்கு' என்று வைத்துக்கொள்வோம்.

தோட்டக்காரர் செலவழிப்பதெல்லாம் இந்த இயல்முறுக்குக்காகத்தான் என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஆனால் உண்மை அதுதான்.

ஒரு செல், ஐம்பது நாள்

இலவம்பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து முளைக்கிறது; விதைகள் அதற்குள் சும்மா புதைந்து கிடக்கின்றன. பருத்தி அப்படியல்ல. அது விதையின் தோலில் முளைக்கும் முடி. ஒரு முடி, ஒரே ஒரு செல். ஒரு விதையில் பத்தாயிரத்துக்கும் மேல்.

பருத்திப் பூ காலையில் வெளிர்மஞ்சளாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடும். பிறகு உதிர்ந்து, அடியில் பிஞ்சு தெரியும். ('பருத்திப் பூ' என்று பலர் சொல்லும் வெள்ளைப் பஞ்சு உண்மையில் வெடித்த காய்.) பூ விரிந்த அன்றே விதைத்தோலில் முடிகள் புடைக்கத் தொடங்குகின்றன. அடுத்த 20, 25 நாட்களில் அவை சுமார் 28 முதல் 30 மில்லிமீட்டர் வரை நீளும். அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான நீளம்; அதுவும் ஒரே செல்லில்.

எது அதை இவ்வளவு தூரம் தள்ளுகிறது? தண்ணீர். சைக்கிள் டியூபில் காற்று அடைப்பது போல, செடி அந்தச் செல்லுக்குள் பொட்டாசியமும் சில கரிம அமிலங்களும் கரைந்த நீரை ஏற்றுகிறது. உள்ளழுத்தம் சுவரைத் தள்ள, முடி நீள்கிறது. இந்த நாட்களில் வேர் காய்ந்தால் அழுத்தம் குறையும், இழை குட்டையாக நின்றுவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நீளம் திரும்பாது.

நீட்சி ஓயும் சமயத்தில் தடிப்பு தொடங்குகிறது. இலை காய்ச்சிய சர்க்கரை, செல்லுலோஸாக மாறி, சுவரின் உட்புறம் நாளுக்கொரு படலமாகப் படிகிறது. மரத்தின் ஆண்டு வளையம் போல இதில் நாள் வளையம். படலங்கள் நேராகப் படிவதில்லை, சுருளாகப் படிகின்றன. சுருளின் திசை அடிக்கடி மாறுகிறது. நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய் வெடிக்கும்போது உள்ளே இருந்த நீர் வற்றி, குழாய் சப்பி, சுருள் போன திசைக்கெல்லாம் திருகிக்கொள்கிறது. இயல்முறுக்கு பிறப்பது அந்த ஓரிரு நாள் வெயிலில்.

சுவர் போதிய தடிப்பில்லாமல் காய் வெடித்தால் இழை திருகாமல் வெறுமனே சப்பிப்போகும். இதை 'முதிரா இழை' என்பார்கள். புதுச் சட்டையின் அடர்நிறத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு சாயக்காரரைத் திட்டியிருப்பீர்கள். பல சமயம் குற்றவாளி அவரல்ல. எங்கோ ஒரு தோட்டத்தில் சுவர் தடிக்காமல் போன இழைகள் முடிச்சு விழுந்து, சாயம் ஏற்காமல் நின்றவை அவை.

தண்ணீர் இந்தப் பக்கம் வரவில்லை

நீளத்துக்கும் தண்ணீர், தடிப்புக்கும் தண்ணீர். மயிலாடும்பாறையில் அது எங்கிருந்து வருகிறது?

ஊர் மூல வைகைக் கரையில் இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து மதுரை வரை பெயர் பெற்ற ஆற்றின் முதல் ஊர்களில் ஒன்று. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாகத்தான் கிடக்கும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்ததும் மலைக்கு அப்பால் போன தண்ணீர் திரும்பி வந்தது. ஆனால் அது இறங்கியது கம்பம் பள்ளத்தாக்கில். அங்கே இருபோக நெல். 1959-ல் திறந்த வைகை அணையோ இந்த ஊர்களுக்குக் கீழே இருக்கிறது. வைகை பிறக்கும் பள்ளத்தாக்கு இரண்டு பெரிய அணைகளின் பாசனத்துக்கும் வெளியே நிற்கிறது. மிச்சம் இருப்பவை கண்மாய், கிணறு, ஆழ்துளைக் கிணறு, மழை.

தமிழ்நாட்டுப் பழைய பருத்தி இப்படிக் கிணற்றை நம்பியதில்லை. கரிசல் காட்டில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டு ரகங்கள் குட்டை இழை, முரட்டு இழை; ஆனால் மண்ணில் இருந்த ஈரத்தோடு காலம் தள்ளின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1904-05 வாக்கில், கம்போடியாப் பருத்தி வந்தது. பெயர் கம்போடியா, குலம் அமெரிக்கா. நீளமான இழை, செம்மண் தோட்டக்கால், கமலையில் இறைத்த கிணற்று நீர் மூன்றும் பொருந்திப் போயின. பாசனப் பருத்தி என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் அங்கேதான். 1968-ல் கோயம்புத்தூரில் வெளியான எம்.சி.யூ.5 ரகத்தின் பெயரிலேயே வரலாறு இருக்கிறது: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா.

கீழே கிடக்கும் சப்பைகள்

அப்படியானால் தண்ணீர் நிறைய விட்டால் பஞ்சு நிறைய வருமா? மயிலாடும்பாறைத் தோட்டம் ஒன்றில் இதைக் கேட்டேன். பார் ஓரம் குந்தியிருந்த அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிய அள்ளி ஊத்துனா செடி கொழுத்துப் போகும் சார். ஆளு உசரம் நிக்கும். காயி நிக்காது."

பருத்தி பிறவியில் ஆண்டுக்கணக்கில் வாழும் புதர். ஒரு பட்டத்தில் காய்த்துவிட்டுச் சாகவேண்டும் என்ற அவசரம் அதற்கில்லை. அந்த அவசரம் நம்முடையது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் அது இலையும் தண்டும் போட்டுக்கொண்டே போகும். அடித்தழை நிழலில் மூடி, அங்கிருக்கும் பிஞ்சுகள் சர்க்கரை கிடைக்காமல் உதிரும். அதனால்தான் ரகங்களில் 75, 80 நாளில் பதினைந்தாவது கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். வீரிய ஒட்டுகளுக்கு இருபதாவது கணு.

அந்த அண்ணன் தரையிலிருந்து ஒரு சப்பையை எடுத்துக் காட்டினார். சப்பை என்பது மூன்று பச்சைச் செதில்களுக்குள் பொதிந்த பருத்தி மொட்டு. புரட்டிப் பார்த்தார். ஓட்டை இருந்தால் புழு. ஓட்டை இல்லையென்றால் செடியே கழற்றிவிட்டது. அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்; அது சரியான ஆய்வுக்கூடம்.

ஓட்டைக்கான பதில் என்று 2002-ல் இந்தியாவில் பிடி பருத்தி அனுமதிக்கப்பட்டது. மண் பாக்டீரியா ஒன்றின் நச்சுப்புரத மரபணுவைச் செடிக்குள் வைத்த பருத்தி. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நச்சையும் தாங்கப் பழகிக்கொண்டது. அது தனி அத்தியாயம்.

ஓட்டை இல்லாத சப்பைதான் விஞ்ஞானிகளை அதிகம் குழப்பியது. செடி வைக்கும் சப்பையிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் இப்படிக் கழன்று விழுகின்றன. தண்ணீர் தேங்கினாலும் விழுகின்றன, காய்ந்தாலும் விழுகின்றன, ஐப்பசி மூடாக்கில் நாலு நாள் வெயில் இல்லாவிட்டாலும் விழுகின்றன. ஏன்? கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஃபிரெடெரிக் அடிகாட் என்பவரின் குழு பருத்திப் பிஞ்சுகளை அரைத்துத் தேடி, 1963-ல் உதிர்வைத் தூண்டும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. அதே காலத்தில் பிரிட்டனில் மர மொட்டுகளின் உறக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களின் கையில் சிக்கியதும் அதே பொருள்தான். 1967-ல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட பெயர் அப்சிசிக் அமிலம். 'உதிர்வு அமிலம்' என்று பொருள்.

பெயர் வைத்ததுதான் தவறிப்போனது. காம்பை அறுக்கும் முக்கியத் தூது எத்திலீன் என்ற வாயு, வாழைப்பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு, என்று பின்னால் தெளிவானது. அப்சிசிக் அமிலத்தின் பெரிய வேலை வேறு: தாகம் சொல்வது. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அது பெருகி, இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. பருத்திப் பிஞ்சு ஏன் உதிர்கிறது என்று தேடப் போனவர்கள், உலகத்துச் செடிகள் எல்லாம் தாகத்தை எப்படிச் சொல்லிக்கொள்கின்றன என்பதைக் கண்டுபிடித்து வந்தார்கள்.

ஒரு ஏக்கர் கணக்கு

ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று ஒரு எண் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. படித்ததும் சட்டையைக் கழற்றிவிடலாமா என்று தோன்றும். அதை நம்ம தோட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கூட்டல் கழித்தல் போதும்.

120-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வீரிய ஒட்டுப் பருத்தி. ஏக்கருக்குச் சுமார் 5,600 செடி. ஒவ்வொன்றிலும் 40 காய் தங்கிவிட்டதென்று வைப்போம், நல்ல தோட்டம்தான். ஒரு காயில் நாலரை கிராம் பருத்தி. மொத்தம் ஏறக்குறைய 1,000 கிலோ, அதாவது பத்துக் குவிண்டால்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விவசாயி விற்பது பருத்தி, கொட்டையோடு. ஆலை வாங்குவது பஞ்சு. ஜின்னிங் ஆலையில் அரைத்தால் நூறு கிலோ பருத்தியில் 35 கிலோ பஞ்சு வரும். மற்றது கொட்டை, கொஞ்சம் சேதாரம். ஆக, நம் ஏக்கரில் 350 கிலோ பஞ்சு. பஞ்சு வணிகத்தில் விலை சொல்லும் அளவு கண்டி; ஒரு கண்டி 356 கிலோ. அமோக விளைச்சல் கண்ட ஒரு ஏக்கர், ஏறக்குறைய ஒரு கண்டி.

அடுத்து தண்ணீர். பாசனப் பருத்தி ஒரு பட்டத்துக்கு 600 மில்லிமீட்டருக்குக் குறையாமல் குடிக்கும், மழையும் பாசனமும் சேர்த்து. அதாவது வயல் முழுக்க இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. ஒரு ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 200 நடை. ஒரு செடிக்கு 430 லிட்டர்.

இடுப்பு உயரச் செடிக்குள் 430 லிட்டர் எங்கே போயிற்று? கிட்டத்தட்ட எல்லாமே காற்றுக்கு. சர்க்கரை செய்யக் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலைத்துளையைத் திறக்க வேண்டும். திறந்தால் ஈரம் வெளியேறும். சாப்பிட வாய் திறக்கும்போதெல்லாம் வியர்வை கொட்டும் பிராணி என்று செடியைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

கடைசியாகச் சட்டை. 150 கிராம் டி-ஷர்ட்டுக்கு, நூற்பாலைக் கழிவும் திருப்பூர்க் கத்தரிப்புக் கழிவும் சேர்த்து, 190 கிராம் பஞ்சு என்று வைப்போம். அதற்கு 540 கிராம் பருத்தி. 120 காய். மூன்று செடி. மூன்று செடிக்கு 1,300 லிட்டர்.

2,700 எங்கே, 1,300 எங்கே? அதே தோட்டத்தில் 40 காய்க்குப் பதில் 20 காய்தான் தங்கியது என்று வைத்துப் பாருங்கள். செடி குடிப்பது பெரிதாகக் குறையாது. இலை இருக்கும்வரை ஈரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் இப்போது ஒரு சட்டைக்கு ஆறு செடி, 2,600 லிட்டர். அந்தப் பிரபல எண் வேறு வழியில், உலக அளவில் போட்ட கணக்கு. இருந்தாலும் நம் இருபது காய்ச் செடி அதன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஏக்கருக்கு 175 கிலோ பஞ்சு என்பது இந்தியச் சராசரிக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாசனப் பண்ணைகள் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் எடுக்கின்றன: நெருக்கி விதைத்த குட்டைச் செடிகள், ஒரே காலத்தில் காய்ப்பு, ஒரே ஓட்டத்தில் இயந்திர அறுவடை.

கொட்டையையும் மறந்துவிடக் கூடாது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு அதுதானே. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, எண்ணெய், புண்ணாக்கு, மதுரைத் தெருமுனையில் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கும் பருத்திப்பால். இவற்றின் பங்கைக் கழிக்காமல் தண்ணீர் முழுவதையும் சட்டையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஒரு சால் விட்டு ஒரு சால்

விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன்பிறகு பல தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்ச நாள் காயப்போடுகிறார்கள். ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கட்டும் என்பதற்காக. பூவெடுத்துக் காய் பிடிக்கும் நாட்களில் தவறவிடுவதில்லை. நீட்சியும் தடிப்பும் நடப்பது அப்போதுதான். முதல் காய்கள் வெடித்து வரத் தொடங்கியதும் மெல்ல நிறுத்திவிடுகிறார்கள். அதற்குமேல் பாய்ச்சினால் செடி மறுபடி துளிர்க்கும், புழுவுக்குப் புது விருந்து.

கிணறு வற்றும் ஆண்டுகளில் இன்னொரு வழி: ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுவது, அடுத்த முறை விட்ட சாலில் பாய்ச்சுவது. பார்ப்பதற்குக் கஞ்சத்தனம். உள்ளே நடப்பது தந்திரம். செடியின் பாதி வேர் ஈரத்தில் குடிக்கிறது; மறுபாதி காய்ந்து, அடிகாட் குழு கண்டெடுத்த அந்த அமிலத்தை மேலே அனுப்புகிறது. இலைத்துளைகள் பாதி மூடுகின்றன. வாட்டம் இல்லாமலே சிக்கனம். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இது தேவைப்படாது. அங்கே சாலோடு ஓடி வீணாகும் நீரே இல்லை.

சிக்கனத்தை மறந்த பாசனப் பருத்தி எதையெல்லாம் குடிக்கும் என்பதற்கு மத்திய ஆசியாவில் சாட்சி இருக்கிறது. 1960-களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதில் ஏரல் கடல் வற்றி, கப்பல்கள் மணலில் நின்றன. மூல வைகைக்காரர்களுக்கு மணலில் நிற்கும் ஆறு புதிதில்லை; கடலே அப்படி ஆகும் என்பதுதான் செய்தி.

பஞ்சைக் கிழித்துப் பார்ப்பவர்

பருத்தியைக் காலையிலேயே, பத்து, பதினொரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். பனியீரம் இருக்கும்போது காயின் காய்ந்த செதில்கள் பதமாக இருக்கும்; வெயில் ஏறினால் நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரும். கறைபட்ட, புழுப்பட்ட கொட்டுப் பருத்தியைத் தனியே ஒதுக்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். இந்தியப் பருத்திக் கழகம் ஈரப்பதத்தை எட்டு சதவீதம் என்று கணக்கிட்டே முழு ஆதரவு விலை தருகிறது; பன்னிரண்டு வரை ஏறினால் விலை இறங்கும், தாண்டினால் வாங்காது. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். இரண்டுக்கும் நடுவே 400 ரூபாய். அந்த 400 ரூபாய், விதைத்தோலில் முடி நீண்ட அந்த இருபத்தைந்து நாளின் கூலி.

ஆனால் பெரும்பாலான தோட்டத்துப் பருத்தி வியாபாரியிடமோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்திலோதான் போகிறது. ஏலத்தரையில் ஒருநாள் நின்று பார்த்தேன். வரிசையாகச் சாக்குகள், பக்கத்தில் வியர்த்த முகங்கள். வியாபாரி ஒருவர் சாக்குக்குள் முழங்கை வரை கைவிட்டு அடிப்பருத்தியை எடுத்தார். மேலே நல்லதும் கீழே கொட்டும் வைக்கும் வித்தை அவருக்குத் தெரியும். ஒரு சுளையைப் பிய்த்துக் கொட்டையிலிருந்து பஞ்சை உருவினார். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்துக் கிழித்தார், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், மறுபடி கிழித்தார். ஐந்தாறு முறையில் இழைகள் எல்லாம் சீப்பில் வாரியது போல நேராகின. அதைத் தன் கறுப்புக் குடைத்துணியின்மேல் வைத்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"எத்தனை தண்ணி விட்டீக?" என்றார்.

சாக்குக்காரர், "கடைசியா ரெண்டு தண்ணி விட முடியலண்ணே. மோட்டார் காத்துதான் இழுத்துச்சு" என்றார்.

வியாபாரி தலையாட்டிக்கொண்டு, சீட்டில் ஒரு எண்ணை எழுதி மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த சாக்குக்குப் போனார். குடைத்துணியில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டார். அது பறக்கவில்லை, உதறித்தான் விடவேண்டியிருந்தது.